காவினுக்கு ஒரு புதுச் சேர்ட்

மாத்தளைப் பக்கத்து அலுவிகாரை நிஷ்மியாவோடு கடைக்குப் போவதென்றால் பொறுமை வேண்டும். புதுக் கடைக்கல்ல, பேல் கடைக்கு. வெளிநாட்டில் யாரோ உடுத்திக் கழித்த துணிகளை அமுக்கிக் கட்டிக் கப்பலில் அனுப்புகிறார்களே, அந்த மூட்டைக்கு இங்கே பேல் என்று பெயர். அதைப் பிரித்துக் குவித்து விற்கிற இடம் பேல் கடை. மற்றப் பெண்கள் அந்தக் குவியலை இரண்டு கையாலும் கிண்டிக் கிளறி, அகப்பட்டதை அள்ளிக்கொண்டு போவார்கள். நிஷ்மியா அப்படியில்லை. முதலில் ஒரு கையை மட்டும் உள்ளே விடுவாள். கண் வேறெங்கேயோ இருக்கும். எது பருத்தி, எது பருத்தி மாதிரி நடிக்கிறது என்று அவள் விரலுக்குத் தெரியும்.

பிறகுதான் துணி வெளியே வரும். வந்ததும் உள்பக்கத்தைப் புரட்டிவிடுவாள். கழுத்துப்பட்டி தேய்ந்திருக்கிறதா, கக்கத்தில் மஞ்சள் பூத்திருக்கிறதா, தையல் ஒற்றையா இரட்டையா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள். சிப் இருந்தால் ஏற்றி இறக்குவாள். மூக்கில் வைத்து முகர்வாள். கடைசியாகக் கடைக்கு வெளியே போய் வெயிலில் தூக்கிப் பிடிப்பாள். பூச்சி அரித்த ஓட்டை ஊசிமுனை அளவு இருந்தாலும் வெயில் காட்டிக் கொடுத்துவிடும். அத்தனையும் தாண்டி ஒரு சட்டை அவள் பைக்குள் விழுந்தால், அது இன்னும் நாலைந்து பெருநாளைக்குத் தாங்கும்.

வீட்டுச் சாமான் எடுப்பதிலும் அப்படித்தான். பாவித்த சாமான் கடையில் பீங்கான் கோப்பையை நகத்தால் சுண்டிச் சத்தம் கேட்பாள். கேத்தலில் தண்ணீர் ஊற்றி, அடியில் கடதாசி வைத்துக் காத்திருப்பாள். கதிரையில் சும்மா உட்காரமாட்டாள், நாலு பக்கமும் ஆட்டிப் பார்ப்பாள். கடைக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். "ராத்தா, வாங்க வந்தீங்களா, சோதின போட வந்தீங்களா?" என்று கேட்பார்கள். கேட்டாலும் அவள் சொன்ன விலைக்குத்தான் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டு ஜஸ்லாவின் திரைச்சீலையிலிருந்து இஸ்திரிப் பெட்டி வரை நிஷ்மியா பொறுக்கிக் கொடுத்தவைதான். அந்த ஒழுங்கையில் யார் வீட்டுக்குள் போனாலும் அவள் எடுத்த சாமான் ஒன்றாவது கண்ணில் படும்.

இதில் இன்னொரு வேலையும் உண்டு. வெளிநாட்டுச் சட்டைகளில் பொக்கெட்டுக்கு மேலே முதலை, நாய், மான் என்று ஏதாவது குட்டியாகப் பின்னியிருப்பார்கள். உயிருள்ளதன் உருவம் பதித்த உடுப்போடு தொழப் போவது சரியில்லை. அதற்காக நல்ல துணியை விட்டுவிட்டு வருகிற ஆளா நிஷ்மியா? வீட்டுக்குக் கொண்டுவந்து, ஊசிமுனையால் நூல் நூலாகப் பிரித்து எடுத்துவிடுவாள். எத்தனை முதலையை, எத்தனை நாயை அப்படிக் கழற்றிக் குப்பையில் போட்டிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

அவள் கணவன் நளீம், மாத்தளை டவுனில் மிளகு கறாம்பு மொத்தமாக வாங்கி விற்கும் கடையில் வேலை. புடைத்து, நிறுத்து, சாக்குக் கட்டுவான். அவன் பேசுவதே குறைவு. உடுப்பு விஷயத்தில் வாயே திறந்ததில்லை. நிஷ்மியா எடுத்துக் கொடுப்பதை உடுப்பான். கை கொஞ்சம் நீளம் என்றால் மடித்துவிடுவான், தோள் கொஞ்சம் இறுக்கம் என்றால் மேல் பொத்தானைத் திறந்துவிடுவான். பெருநாளைக்கு மகள் ஆதிபாவுக்கு மட்டும் கடையில் புது உடுப்பு வரும். "நமக்கென்ன, நம்மள யாரு பாக்கப்போறாங்க?" என்பாள் நிஷ்மியா. அவனும் "ஓ" என்பான். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவன் உடம்பில் பட்டதெல்லாம் வேறு யாரோ ஒரு முறை உடுத்தியதுதான். இதை அவள் ஒரு குறையாக நினைத்ததேயில்லை. வெளியில் அதைத் தன் கெட்டித்தனமென்று பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறாள்.

அவர்களுக்கு ஆதிபா ஒரே பிள்ளை. அவளுக்குச் சம்மந்தம் பேசி முடிந்து, காவினுக்கு, அதுதான் நிக்காஹ் எழுத்துக்கு, நாளும் குறித்தாகிவிட்டது. மாப்பிள்ளை றிஸ்வான், நாலந்தாப் பக்கம். நல்ல குடும்பம், அதிகம் கேட்கவுமில்லை. ஆனால் கேட்காவிட்டாலும் செய்ய வேண்டியது செய்யத்தானே வேண்டும்? அவர்கள் பக்கத்து வழக்கப்படி மாப்பிள்ளைக்குக் கோட்டும் சூட்டும் பெண் வீட்டுச் செலவு. அதைக் கண்டிக்குப் போய்ப் புதிதாக எடுத்தார்கள். மகளுக்கான கட்டில், அலுமாரி, பீங்கான் எல்லாம் நிஷ்மியா வருஷக்கணக்காகப் பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைத்திருந்தாள். பாவித்த கட்டிலுக்கு வார்னிஷ் அடித்து நிறுத்தியபோது, பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் "எந்தக் கடையில?" என்று கேட்டார்கள். நிஷ்மியாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அந்த நாட்களில்தான் நளீம் அதைக் கேட்டான். வேலையிலிருந்து வந்து, பிளேன்டீக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"நிஷ்மியா, ஒன்டு கேக்கவா?"

"கேளுங்க."

"காவினுக்கு எனக்கு ஒரு சேர்ட் எடுப்பமா? கடையில. புதுசா."

நிஷ்மியா வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தாள். "ஏன், அலுமாரியில இருக்கிற வெள்ளச் சேர்ட்டுக்கு என்ன வந்திச்சி?"

"அதுக்கு ஒன்டுமில்ல. நல்ல சேர்ட்தான்." அவன் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "பள்ளிவாசல்ல மகளுக்குப் பொறுப்பான வலி நான்தானே. எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்க, மாப்பிள்ளட கையப் புடிச்சிக்கிட்டு நான்தானே மகளக் குடுக்கப்போறேன். அன்டைக்கு மட்டும் யாருமே உடுக்காத ஒன்ட உடுத்தா நல்லம் போல இருக்கு."

அவன் அவ்வளவு நீளமாகப் பேசியது நிஷ்மியாவுக்கே புதுசு. ஆனால் அவள் என்ன செய்தாள்? சிரித்தாள். "அல்லாஹ்வே! மாப்பிள்ள நீங்களா, றிஸ்வானா?" என்றாள். நளீமும் சிரித்தான். சிரித்துக்கொண்டே குனிந்து தேநீரைக் குடித்தான். "சரி சரி, போய்ப் பாப்பம்" என்று அவள் சொன்னாள்.

போகத்தான் செய்தார்கள். டவுனில், திருகோணமலை வீதியில் ஒரு துணிக்கடை. கடைக்காரர் பெட்டி பெட்டியாக எடுத்து வைத்தார். நளீம் ஒரு வெள்ளைச் சேர்ட்டைத் தேர்ந்தெடுத்தான், சின்னதாகக் கோடு போட்டது. கடைக்காரர் ஊசிகளைக் கழற்றி விரித்துக் கொடுத்தார். அவன் அதை நெஞ்சில் வைத்துக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றான். இப்படிக் கொஞ்சம் திரும்பினான், அப்படிக் கொஞ்சம் திரும்பினான். தலைமயிரைக் கையால் ஒதுக்கிவிட்டான். ஒரு பிள்ளையைப் போல நின்றான் மனுசன்.

நிஷ்மியா பின்னால் வந்து சட்டையின் ஓரத்தைப் பிடித்தாள். விரல் பட்ட உடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. உள்பக்கத்தைப் புரட்டினாள். ஒற்றைத் தையல், நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"துணியா இது? முழுக்கக் கஞ்சி" என்றாள், கடைக்காரர் காதில் விழவே. "ஒரு கழுவு கழுவினா கந்தல். இதுக்கா இந்த வெல சொல்றீங்க?"

கடைக்காரர் முகம் கறுத்தது. நளீம் மெதுவாக, "ஒரு நாளைக்குத்தானே நிஷ்மியா" என்றான்.

"ஒரு நாளைக்கு உடுத்திட்டு என்ன செய்ற? வீசுறதா? வாங்க நீங்க, இத விடப் பத்து மடங்கு நல்லதா நான் எடுத்துத் தாறேன்."

 நளீம் சட்டையை மேசையில் வைத்து, மடிப்புக் குலையாமல் மடித்தான். கழற்றிய ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, இருந்த இடத்திலேயே திரும்பக் குத்தினான். பெட்டிக்குள் வைத்து மூடி, "மன்னிச்சிக்கங்க" என்று கடைக்காரரிடம் நீட்டிவிட்டு அவள் பின்னால் நடந்தான். பஸ் நிலையம் வரை துணியின் லட்சணத்தைப் பற்றி அவள் பேசிக்கொண்டே போனாள். அவன் "ம்" போட்டுக்கொண்டு வந்தான். நின்று வேலை செய்கிற கால், வலிக்கிறதாக்கும் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

அடுத்த வாரமே இரத்தோட்டைக்குப் போனாள். அங்கே சசிக்குமார் பேல் கடை வைத்திருந்தான், தேயிலைத் தோட்டத்துப் பையன். தோட்டத்துச் சனம் பஸ்ஸில் வந்து இறங்குகிற இடத்துக்குப் பக்கத்திலேயே தகரம் போட்ட கடை. புது பேல் உடைக்கிற நாளில் நிஷ்மியாவுக்குப் போன் அடித்துச் சொல்லிவிடுவான்.

அன்றைக்குக் குவியலுக்குள் விட்ட கை உடனே நின்றது. இழுத்தாள். வெள்ளைச் சேர்ட். அப்படி ஒரு துணியை அவள் அதுவரை தொட்டதேயில்லை. வழுவழுவென்று, ஆனால் உரமாக. இரட்டைத் தையல், சிப்பியில் செய்த பொத்தான். கழுத்து தேயவில்லை, கக்கம் சுத்தம். வெயிலில் பிடித்தாள், ஒரு பொட்டு ஓட்டை இல்லை. பொக்கெட்டுக்கு மேலே மட்டும் வெள்ளை நூலால் ஒரு குதிரை, அதன்மேல் ஒரு ஆள்.

"ராத்தா, ஒங்க கைக்குன்னே தேடி வருதுங்க" என்றான் சசிக்குமார். "கொழும்புல பெரிய கடையில எடுக்கப் போனா நம்ம மாச வருமானம் போயிருங்க."

"எல்லாம் சரி தம்பி, இந்தக் குதிரதான்."

"ஐயோ, அந்தக் குதிரைக்குத்தாங்க ராத்தா மதிப்பே!"

"மதிப்பு ஒங்களுக்கு. எங்களுக்கு இது தொழுற உடுப்பு" என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து, பொழுது சாய்ந்து மஃரிபு தொழுகைக்குப் பிறகு டியூப் லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து குதிரையைப் பிரித்தாள். நுணுக்கமான பின்னல், கண் பூத்துப்போனது. கடைசி நூலையும் எடுத்து, ஊசி போன துளைகளை நகத்தால் நீவி அடைத்து, நீலம் போட்டு அலசி, இரவே வீட்டுக்குள் காயப்போட்டு, மறுநாள் இஸ்திரி போட்டாள். அறைக்குள் பார்க்கும்போது குதிரையும் இல்லை, குதிரை இருந்த தடயமும் இல்லை. நளீமிடம் கொடுத்தாள். அவன் விரலால் தொட்டுப் பார்த்தான்.

"நல்ல துணி" என்றான்.

"அன்டைக்குப் பாத்த கடச் சேர்ட் இதுக்குக் கிட்ட வருமா? சொல்லுங்க."

"வராது" என்றான் அவன். பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே வராதுதான். நிஷ்மியாவுக்கு அதற்கு மேல் ஒன்றும் தேவைப்படவில்லை. அவன் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவேயில்லை.

காவின் அன்று ஆண்களெல்லாம் பள்ளிவாசலுக்குப் போனார்கள். பெண்கள் மண்டபத்தில் மணப்பெண்ணோடு இருந்தார்கள். காவின் முடிந்த செய்தி போனில் வந்ததும் ஆதிபா அழுதாள், நிஷ்மியாவும் அழுதாள், மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். பிறகு ஆண்களும் மண்டபத்துக்கு வந்து அவர்கள் பக்கத்தில் சகனில், ஒரே பெரிய தட்டைச் சுற்றிப் பலராக, உட்கார்ந்து சாப்பிட்டார்கள். சாப்பாடு முடிந்து நளீம் பெண்கள் பக்கத்து வாசலில் வந்து நின்றபோது நிஷ்மியா பதறிப்போனாள். அந்த வெள்ளைச் சேர்ட்டின் இடது நெஞ்சில் கையகலத்துக்கு இறைச்சிக் கறி அப்பியிருந்தது.

"என்ன மனுசன் நீங்க!" என்று வெடித்தாள். சுற்றிலும் இரண்டு வீட்டுப் பெண்களும் நின்றார்கள். "சின்னப் புள்ளையா? ஒரு நல்ல சேர்ட்ட ஒரு நாளைக்கு ஒழுங்கா உடுக்கத் தெரியாதா? நான் எங்கெங்கயோ அலஞ்சி எடுத்தது!"

"கை தவறிட்டு" என்றான் நளீம்.

யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நளீம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். மாற்று உடுப்பு எடுத்து வர மறந்ததற்கும் சேர்த்து அவள் இன்னும் இரண்டு வார்த்தை சொன்னாள். இவ்வளவுக்கும் அது மகளை அனுப்பிவைக்கிற நாள்.

வீட்டுக்கு வந்து தேசிக்காய்ப் புளியும் சோடாவும் போட்டு உரசி அந்தக் கறையையும் எடுத்துவிட்டாள். அதை ஜஸ்லாவிடம் காட்டி, "கறி பட்டதெண்டு யாரும் சொல்லுவாங்களா?" என்று பெருமை பேசினாள். நளீமோ அந்தச் சேர்ட்டை அதற்குப் பிறகு உடுக்கவேயில்லை. கேட்டால், "இருக்கட்டும்" என்பான். நல்ல காரியத்துக்கு என்று பத்திரப்படுத்துகிறான் போலும் என்று அலுமாரியில் மடித்து வைத்தாள்.

கலியாண அல்பம் வந்தபோது அதில் ஒரு படம் அவளுக்கு மிகவும் பிடித்துப்போனது. பள்ளியில் எடுத்தது. நளீம் வலது கையால் றிஸ்வானின் கையைப் பிடித்திருக்கிறான். இடது கை அவன் நெஞ்சின் மேல், இதயத்தைப் பொத்திப் பிடித்த மாதிரி இருக்கிறது. கண் கீழே தாழ்ந்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் எந்தப் படத்தைப் பார்த்தாலும் அவன் கை நெஞ்சில்தான். வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அல்பத்தை விரித்து அந்தப் பக்கத்தைத்தான் முதலில் காட்டுவாள்.

"பாத்தியா ஜஸ்லா, மகளக் குடுக்கக்குள்ள நெஞ்சப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு. வாயால ஒன்டும் சொல்ல மாட்டாரு, உள்ளுக்க எவ்வளவு பாசம் பாரு."

ஜஸ்லா கண்ணைத் துடைத்துக்கொள்வாள். நளீம் அந்த இடத்தில் இருந்தால் எழுந்து முற்றத்துக்குப் போய்விடுவான். வெட்கப்படுகிறார் என்று இருவரும் சிரிப்பார்கள். அப்படித்தான் இரண்டு வருஷம் போனது.

போன நோன்பில் ஆதிபா கடைசிப் பத்து நாளில் உம்மா வீட்டில் நிற்க வந்திருந்தாள். ஒரு நாள் பின்னேரம் அசர் தொழுகைக்கு முன்னால், நோன்புக் கஞ்சிக்கு அரிசி களைந்துகொண்டிருந்த நிஷ்மியா, மகள் போனைப் பார்த்துவிட்டு அவசரமாகக் கவிழ்த்து வைப்பதைக் கண்டாள்.

"என்னடி அது?"

"ஒன்டுமில்ல உம்மா. றிஸ்வான்ட சொந்தக்காரங்க குரூப்ல கலியாண வீடியோ ஒன்டு போட்டிருக்காங்க. ஆம்பிளைகள் பக்கம் எடுத்தது."

"பள்ளியில எடுத்ததா? காட்டு. நான்தான் அத நேர பாக்கவேயில்லியே."

"வேணாம் உம்மா. தெளிவில்ல."

"எனக்குத் தெளிவா இருக்கும், தா." ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள்.

யாரோ பின்வரிசையிலிருந்து எடுத்த சின்ன வீடியோ. ஸ்டூடியோக்காரர் கொடுத்த கலியாண வீடியோவில் பைத்துப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், பேச்சு எதுவும் கேட்காது. இதில் எல்லாம் கேட்டது. காவினை நடத்துகிற கத்தீப் இன்னும் ஆரம்பிக்கவில்லை. நளீம் மாப்பிள்ளைக்கு முன்னால் வந்து உட்கார்கிறான். பள்ளியின் பெரிய யன்னல் வழியாக வெயில் நேரே அவன் மேல் விழுகிறது. வெயிலில் அந்தச் சேர்ட் முழு வெள்ளையாக இல்லை, லேசாகப் பழுப்பேறித் தெரிந்தது. நெஞ்சில் ஒரு இடம் மட்டும் பளிச்சென்று வெள்ளை. நாலு கால், வால், தூக்கிய தலை, மேலே ஒரு ஆள். வருஷக்கணக்காகக் கிடந்து பழுத்த துணியில், நூலுக்குக் கீழே ஒளிந்திருந்த இடம் மட்டும் பழுக்காமல் குதிரையாகவே இருந்திருக்கிறது.

றிஸ்வானின் பெரியவாப்பா மீராசாஹிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், எதையாவது சொல்லிச் சிரிக்கவைக்காமல் இருக்கமாட்டாத மனுசன். குனிந்து பார்த்தார்.

"என்ன சம்மந்தி, குதிர கயித்த அறுத்துக்கிட்டு ஓடிட்டு போல, எடம் மட்டும் இருக்கு! எந்த பேல்ல புடிச்சீங்க?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பல்ல. கலியாண வீட்டில் ஒருவரையொருவர் கிண்டுவதுதானே? நளீமும் கூடச் சேர்ந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கே தெரிகிறது. சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. இடது கை மெல்ல மேலே வந்து அந்த இடத்தைப் பொத்திக்கொண்டது. கத்தீப் தொடங்கினார். நளீம் வலது கையை மாப்பிள்ளையிடம் நீட்டினான். இடது கை கடைசி வரை இறங்கவேயில்லை.

நிஷ்மியா வீடியோவை இரண்டாம் முறை போடவில்லை. போனைப் பாயில் வைத்தாள்.

"ஒனக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"கலியாணம் முடிஞ்சி கொஞ்ச நாளையில றிஸ்வான் சொன்னாரு." ஆதிபா உம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை. "அந்தக் கறி, உம்மா, கை தவறிப் படல்ல. வாப்பாவும் அவரும் ஒரே சகன்ல இருந்தாங்களாம். வாப்பா குனிஞ்சி, கைநெறயக் கறிய எடுத்து, அவராவே பூசிக்கிட்டாராம். றிஸ்வான் கண்டத வாப்பாவும் கண்டுட்டாரு. 'மகன், வீட்டுல மாமிக்குத் தெரிய வேணாம், அவ ஆசையா எடுத்த சேர்ட்' எண்டு சொன்னாராம்."

 அந்த மண்டபத்து வாசல் நிஷ்மியாவின் கண்முன்னால் வந்தது. குதிரையை மறைக்கக் கறியைப் பூசிக்கொண்டு வந்து நின்ற மனுசனை, இரண்டு வீட்டுப் பெண்களுக்கும் நடுவில் வைத்து, சின்னப் பிள்ளையா என்று கேட்டாளே! அவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திட்டையும் வாங்கிக்கொண்டு, அவள் கெட்டித்தனத்தையும் காப்பாற்றிவிட்டு, இரண்டு வருஷமாக அந்த அல்பத்தை அவள் விரிக்கும்போதெல்லாம் எழுந்து முற்றத்துக்குப் போயிருக்கிறான்.

அவள் அலுமாரியைத் திறந்து அந்தச் சேர்ட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். வெயிலில் தூக்கிப் பிடித்தாள். குதிரை நின்றது. இரத்தோட்டையில் எடுத்தபோது வெயிலில் பார்த்தாள்தான், ஆனால் அப்போது நூல் மேலே இருந்தது. நூலைப் பிரித்த பிறகு வெயிலுக்குக் கொண்டு வரவில்லை. ஊரெல்லாம் போய் யார் யாருக்கோ பார்த்துக் கொடுத்தவள், தன் மனுசனுக்கு அந்த ஒரு தடவை பார்க்காமல் விட்டாள். ஆனால் அதுவா பிழை? சேர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டே அவளுக்குத் தெரிந்தது, பிழை அதுவல்ல. அவன் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை வாய் திறந்து ஒன்று கேட்டான். கையில் பணம் இருந்தது. அவனுக்குப் பிடித்த சட்டை கண்ணாடிக்கு முன்னால் அவன் கையிலேயே இருந்தது. தன் விரல் பெரிதென்று அவள்தான் அவனை இழுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. முற்றத்தில் நின்றபடியே அழுதாள். ஆதிபா வந்து தோளைப் பிடித்தாள், அவள் நகரவில்லை.

மறுநாள் காலையில் பஸ் ஏறி டவுனுக்குப் போனாள். திருகோணமலை வீதியில் அதே கடை. கடைக்காரருக்கு அவளை ஞாபகமிருந்ததோ என்னவோ, கொஞ்சம் ஒதுங்கியே நின்றார். "ஆம்பிளைகளுக்கு வெள்ளச் சேர்ட், இருக்கிறதுல நல்லது" என்றாள். துணியைத் தொட்டுப் பார்க்கவில்லை. உள்பக்கத்தைப் புரட்டவில்லை. விலை பேசவில்லை. சொன்னதைக் கொடுத்துவிட்டுப் பெட்டியோடு வாங்கிக்கொண்டு வந்தாள். பஸ்ஸில் அதை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள்.

நளீம் வேலை முடிந்து வந்தான். நோன்புக் களைப்பு முகத்தில் இருந்தது, சாரத்தில் கறாம்பு வாசம். நிஷ்மியா பெட்டியை அவனுக்கு முன்னால் வைத்தாள்.

"என்ன இது?"

"ஒங்களுக்குத்தான். கடையில எடுத்தேன். புதுசு."

அவன் பெட்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். அழுது வீங்கிய கண்ணைப் பார்த்ததும் விளங்கிக்கொண்டான். உள்ளே நின்ற ஆதிபாவை ஒரு முறை திரும்பிப் பார்த்தான்.  பெட்டியைத் திறந்தான். வெள்ளைச் சேர்ட்டின் மேல் கையை வைத்துத் தடவினான்.

"நல்லா இருக்கு" என்றான்.

"உடுங்க. பெருநாளைக்கு உடுங்க. இனிமே ஒங்களுக்கு எல்லாம் புதுசுதான், அல்லாஹ் மேல ஆணையா. நான் இனி அந்த பேல் கடப் பக்கமே போக மாட்டேன்." சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். "என்ன மன்னிச்சிருங்க. அன்டைக்கு நீங்க கேக்கக்குள்ள நான் சிரிச்சேன்."

"சீச்சீ, என்னத்துக்கு அழுற? நோன்போட." நளீம் பெட்டியை மூடினான். அதை அவள் பக்கமாக மெதுவாகத் தள்ளினான். "இத றிஸ்வானுக்குக் குடுத்திடு. அவருக்கு அளவா இருக்கும்."

"ஏன்? ஒங்களுக்குத்தானே எடுத்தேன். ஒங்களுக்கு ஆசையில்லியா?"

"அன்டைக்கு ஆசையா இருந்திச்சி" என்றான் அவன். குரலில் கோபம் ஒரு துளி இல்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். "இனி எனக்கு என்னத்துக்கு நிஷ்மியா? எனக்கு ஒரு மகள்தானே."